எலிப்பொறி செய்த இளைஞன்

தானியம் இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மெய்ன் என்று ஒரு மாநிலம் உண்டு. காடும் ஏரியும் நிறைந்த குளிர்ப் பிரதேசம். அங்கே ஒரு சிற்றூரில் மாவு ஆலை ஒன்று இருந்தது. அந்த ஆலையில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. பொறி வைத்துப் பார்த்தார்கள். ஒரு பொறி ஓர் இரவில் ஓர் எலியைத்தான் பிடித்தது. பொழுது விடிந்ததும் யாராவது வந்து, செத்த எலியை எடுத்துப் போட்டு, பொறியை மறுபடியும் மாட்டி வைக்க வேண்டும். அதற்குள் மற்ற எலிகள் மூட்டையைக் காலி செய்துவிடும்.

ஆலையில் இருந்த இளைஞன் ஒருவன் இதைப் பார்த்தான். பொறியை மனிதன் எதற்காக மாட்ட வேண்டும்? அதுவே தன்னை மாட்டிக்கொண்டால் என்ன? இப்படி யோசித்தான். கடிகாரத்தில் இருப்பது போன்ற ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்துப் புதுப் பொறி செய்தான். ஓர் எலி விழுந்ததும் பொறி தானாகவே அடுத்த எலிக்குத் தயாராகிவிட்டது.

அந்த இளைஞனின் பெயர் ஹிராம் மாக்சிம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வேறொரு கருவி செய்தார். அதுவும் அந்த எலிப்பொறியைப் போலவே வேலை செய்தது. ஒருமுறை வெடித்ததும் தானாகவே அடுத்த வெடிக்குத் தயாராயிற்று. அந்தக் கருவி அவருக்குச் செல்வத்தைத் தந்தது. சர் பட்டத்தைத் தந்தது. உலகப் புகழைத் தந்தது.

ஆனால் அதன் முன் விழுந்தவை எலிகள் அல்ல. மனிதர்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஹிராம் மாக்சிம் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, மெய்ன் மாநிலத்தில் சாங்கர்வில் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஐசக் மாக்சிம் உழுது பயிரிட்டார். மரக் கடைசல் வேலையும் செய்தார். கையில் காசு தங்காத குடும்பம். ஆனால் வீட்டில் எப்போதும் உளியும் சுத்தியும் இருந்தன. பையன் அவற்றோடு விளையாடி வளர்ந்தான்.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. 14 வயதில் வண்டிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். நாள் முழுவதும் உழைப்பு, சொற்பக் கூலி. ஆனால் மரத்தை எப்படி வளைப்பது, இரும்பை எப்படி இணைப்பது என்பதெல்லாம் கைக்குப் பழகிற்று.

பிறகு ஊர் ஊராகச் சுற்றினார். வண்டிகளுக்கு வர்ணம் பூசினார். அகப்பட்ட வேலையைச் செய்தார். கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தார். 1864-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிட்ச்பர்க் என்ற ஊருக்குப் போனார். அங்கே அவருடைய மாமாவுக்குச் சொந்தமான எந்திரப் பட்டறை இருந்தது. அங்கேதான் படம் வரைந்து, அளவு எடுத்து, எந்திரம் செய்யும் தொழில் அவருக்குக் கைவந்தது. அங்கிருந்து பாஸ்டன் நகரம், பிறகு நியூயார்க்.

தீயை அணைத்த குழாய்

மாக்சிமுக்கு எதைப் பார்த்தாலும் அதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று தோன்றும். 1866-ல் அவர் பெற்ற முதல் பேட்டண்ட் எதற்குத் தெரியுமா? பெண்கள் தலைமயிரைச் சுருட்டிக்கொள்ளும் இடுக்கிக்கு! அடுத்து எரிவாயு விளக்கு, ரயில் எஞ்சினின் முன்விளக்கு என்று வரிசையாகச் செய்தார்.

மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்று அடிக்கடி தீப்பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வழி சொல்லும்படி மாக்சிமைக் கேட்டார்கள். அவர் கூரையிலே தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தத் திட்டமிட்டார். எந்த இடத்தில் தீப்பிடிக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் குழாய் தானே திறந்து தண்ணீரைக் கொட்டும். அதோடு தீயணைப்பு நிலையத்துக்கும் தானே செய்தி அனுப்பும்.

இன்று பெரிய கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூரையைப் பார்த்தால் இப்படிப்பட்ட குழாய்கள் தெரியும். ஆனால் அன்று அதை வாங்க ஆள் இல்லை. பேட்டண்டு காலம் முடிந்த பிறகுதான் மற்றவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். மாக்சிமுக்கு அதனால் லாபம் இல்லை.

உயிரைக் காப்பாற்றும் கருவி விலை போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

எடிசனோடு போட்டி

1870-களின் கடைசியில் மின்சார விளக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் போட்டியில் பலர் ஓடினார்கள். அவர்களில் மாக்சிமும் ஒருவர். அமெரிக்க மின்விளக்குக் கம்பெனி ஒன்றுக்கு அவர் தலைமை எஞ்சினீயராக இருந்தார். நியூயார்க் நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெரிய கட்டடத்தில் மின்சார விளக்குகளை எரியவிட்டார்.

வெற்றியும் புகழும் எடிசனுக்குப் போயின. மாக்சிமின் மனதில் அந்த ஆறாத வருத்தம் கடைசிவரை இருந்தது.

1881-ல் பாரிஸ் நகரில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கம்பெனியின் சார்பில் மாக்சிம் அங்கே போனார். மின்சாரத்தின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க அவர் செய்த கருவியைப் பார்த்துப் பிரெஞ்சு சர்க்கார் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது.

அமெரிக்காவில் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். மாக்சிம் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார். பிறகு வேறொரு பெண்ணோடு இங்கிலாந்தில் குடும்பம் நடத்தினார். விட்டுவந்த பிள்ளைகளில் மூத்தவனுக்கு அப்போது வயது 12.

வியன்னாவில் கேட்ட யோசனை

1882-ல் வியன்னா நகரில் மாக்சிம் தமக்குத் தெரிந்த அமெரிக்கர் ஒருவரைச் சந்தித்தார். அந்த மனிதர் ஒரு யோசனை சொன்னார். மின்சாரம், ரசாயனம் என்றெல்லாம் அலைய வேண்டாம். நிறையப் பணம் வேண்டுமானால் இந்த ஐரோப்பியர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் இன்னும் சுலபமாக அறுத்துக்கொள்ள ஒரு கருவி செய்து கொடு என்பதுதான் அந்த யோசனை. வேடிக்கையாகச் சொன்னாரோ, கசப்போடு சொன்னாரோ, மாக்சிம் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவரே இதை உலகுக்குச் சொன்னார்.

வேகமாகச் சுடும் துப்பாக்கி அதற்கு முன்பே இல்லையா? இருந்தது. அமெரிக்காவின் உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், ரிச்சர்ட் காட்லிங் என்பவர் ஒன்று செய்திருந்தார். பல குழல்களை வட்டமாகக் கட்டி, ஒரு கைப்பிடியைச் சுற்றினால் குழல்கள் சுழன்று ஒவ்வொன்றாய்ச் சுடும். ஒரு துப்பாக்கி நூறு பேர் வேலையைச் செய்தால் பெரிய படைகள் தேவைப்படாது, போரில் காயத்தாலும் நோயாலும் சாகிறவர்கள் குறைவார்கள் என்று காட்லிங் நம்பினார். நல்ல எண்ணந்தான். ஆனால் படைகள் குறையவில்லை.

காட்லிங் துப்பாக்கியில் ஒரு குறை உண்டு. கைப்பிடியைச் சுற்ற ஆள் வேண்டும். சண்டையின் பதற்றத்தில் வேகமாகச் சுற்றினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் துப்பாக்கியும் ஓயும்.

மாக்சிம் இளவயதில் ஒருமுறை ராணுவத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார். அன்று மாலை பார்த்தால் தோள்பட்டை கன்றிக் கறுத்துப்போயிருந்தது. துப்பாக்கியின் உதை அப்படி. இப்போது அந்த உதை ஞாபகத்துக்கு வந்தது. தோளைக் கன்றவைக்கும் அந்தப் பலம் வீணாகத்தானே போகிறது? அதற்கு ஒரு வேலை கொடுத்தால்?

எலிப்பொறி செய்த அதே மூளை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது.

வைரத் தெருவில் ஒரு பட்டறை

லண்டன் மாநகரில் ஹாட்டன் கார்டன் என்று ஒரு தெரு. வைர வியாபாரத்துக்குப் பேர்போனது. அந்தத் தெருவில் 57-டி எண் கட்டடத்தில் மாக்சிம் பட்டறை வைத்தார். 1883-ல் தொடங்கி வரிசையாகப் பேட்டண்டு உரிமைகளைப் பதிவு செய்தார். 1884-ல் துப்பாக்கி தயார்.

அது எப்படி வேலை செய்தது?

படகிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? நாம் முன்னே தாவினால் படகு பின்னே போகும். துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். மாக்சிமின் துப்பாக்கியில் குழல் ஆடாமல் இறுகப் பூட்டப்பட்டது அல்ல. உதை வந்ததும் குழலும், அதன் பின்னால் அடைத்திருக்கும் பூட்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னே நகரும். பிறகு குழல் நின்றுவிடும். பூட்டு மட்டும் விடுபட்டு இன்னும் பின்னே போகும். போகும்போதே சுட்டு முடிந்த வெறுங்கூட்டை இழுத்து வெளியேற்றும். தோட்டாப் பட்டையிலிருந்து புதுத் தோட்டாவையும் உருவிக்கொள்ளும். அந்த ஓட்டத்தில் ஒரு ஸ்பிரிங் முறுக்கேறும். அந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் மறுபடி முன்னே தள்ளும். புதுத் தோட்டா குழலுக்குள் போகும். பூட்டு அடைபடும். வெடிக்கும். மறுபடி உதை, மறுபடி ஓட்டம்.

சுடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விசையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். விரலை எடுக்கும்வரை, பட்டையில் தோட்டா இருக்கும்வரை, துப்பாக்கி ஓயாது.

நிமிஷத்துக்கு சுமார் 600 குண்டுகள்! ஒரு விநாடிக்குப் பத்து!

இத்தனை வேகமாகச் சுட்டால் குழல் பழுக்கக் காய்ந்துவிடாதா? அதற்கும் வழி செய்தார். குழலைச் சுற்றி ஓர் உறை போட்டு அதில் தண்ணீர் ஊற்றினார். சுடச் சுடத் தண்ணீர் கொதிக்கும், ஆவியாகும், குழல் தப்பும். தோட்டாக்களைத் துணிப் பட்டையில் பூமாலை தொடுப்பதுபோல் வரிசையாகச் செருகி வைத்தார். பட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெறுமையாய் வெளியே வரும்.

பிற்பாடு அவர் லண்டனில் வெஸ்ட் நார்வுட் பகுதியில் பெரிய வீடு ஒன்றில் குடியிருந்தார். தோட்டத்திலே துப்பாக்கியைச் சோதித்துப் பார்ப்பார். சத்தத்தில் கண்ணாடி உடையாமல் இருக்க அக்கம்பக்கத்தார் ஜன்னல்களைத் திறந்து வைக்கும்படி பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுப்பாராம்!

அரசர்கள் வந்தார்கள்

செய்தி பரவியது. சிறிய பட்டறைக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த கேம்பிரிட்ஜ் கோமகன் வந்தார். பட்டத்து இளவரசர் வந்தார். துப்பாக்கியை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அசந்து போனார்கள்.

1884-லேயே கம்பெனி தொடங்கியாயிற்று. எஃகுத் தொழிலில் பெரும்புள்ளிகளான விக்கர்ஸ் குடும்பத்தார் பணம் போட்டார்கள். கென்ட் பகுதியில் கிரேஃபர்ட் என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது.

மாக்சிம் ஐரோப்பா முழுவதும் துப்பாக்கியோடு பயணம் செய்தார். வியன்னாவில் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் முன்னிலையில், அவர் பெயரின் முதல் எழுத்துகளைக் குண்டுகளாலேயே பலகையில் எழுதிக் காட்டினார் என்று சொல்வார்கள். டென்மார்க் அரசர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, தோட்டாச் செலவு எவ்வளவு என்று விசாரித்தாராம். கணக்கைக் கேட்டதும், தம் ராஜ்யமே சில மணி நேரத்தில் திவாலாகிவிடும் என்று பின்வாங்கினாராம். சீனாவின் பெரிய ராஜதந்திரியான லீ ஹுங் சாங், சீனாவுக்கு இது தகாது, வேகம் அதிகம் என்று சொல்லிவிட்டாராம்.

சிரிப்பு வருகிறது. ஆனால் கணக்குப் பார்க்காமல் வாங்கிய அரசுகளும் இருந்தன. பிரிட்டன் வாங்கியது. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் வில்லியம் இதைத் தம் படைக்குத் தேர்ந்தெடுத்தார். ரஷ்யா வாங்கியது. ஒருவரிடம் இருக்கிறது என்றால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? பயத்தைப்போல் நல்ல வியாபாரி உலகத்தில் வேறு இல்லை.

1888-ல் மாக்சிம் கம்பெனியும், போட்டியாக இருந்த நார்டன்ஃபெல்ட் கம்பெனியும் ஒன்றாயின. ஆயுத விற்பனையில் மகா சமர்த்தரான பாசில் சகராஃப் அதன் மூலம் மாக்சிமின் பக்கம் வந்து சேர்ந்தார். பிற்பாடு விக்கர்ஸ் கம்பெனி எல்லாவற்றையும் தன்னோடு இணைத்துக்கொண்டு, பெயரிலேயே மாக்சிமைச் சேர்த்துக்கொண்டது.

யார் முன்னால் சுட்டார்கள்?

இந்தத் துப்பாக்கியின் முதல் இலக்கு ஐரோப்பியர்கள் அல்ல. வேல் கம்பும் வாளும் ஏந்தி நின்ற மக்கள்தாம்.

1887-ல் ஆப்பிரிக்காவுக்குள் புறப்பட்ட ஸ்டான்லியின் கூட்டம் ஒரு மாக்சிம் துப்பாக்கியைக் கொண்டுபோயிற்று. 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே மாடபிலி மக்கள் தங்கள் மண்ணைக் காக்க எழுந்தார்கள். சில நூறு வெள்ளையர் கொண்ட சிறு படை, சில மாக்சிம் துப்பாக்கிகளோடு ஆயிரக்கணக்கான வீரர்களைத் தடுத்து நிறுத்தியது. வீரத்தோடு ஓடிவந்தவர்கள் பக்கத்திலேயே வர முடியாமல் விழுந்தார்கள்.

1898-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி சூடான் நாட்டில் ஓம்டுர்மான் போர். பீரங்கிகளும் மாக்சிம் துப்பாக்கிகளும் ஒரு பக்கம். மறுபக்கம் சூடானியரின் பெரும்படை. காலையில் தொடங்கிய போர் நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டது. சூடானியரில் இறந்தவர்கள் 10,000-க்கு மேல். பிரிட்டிஷ், எகிப்தியப் படையில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு.

இதைப் போர் என்பதா, அறுவடை என்பதா?

நம் நாட்டிலிருந்தும் இந்தத் துப்பாக்கி புறப்பட்டுப் போனது உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சர்க்கார், யங்ஹஸ்பண்ட் என்ற அதிகாரியைப் படையோடு திபெத்துக்கு அனுப்பியது. படையில் சீக்கியர்களும் கூர்க்காக்களும் இருந்தார்கள். 1904-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி குரு என்ற கிராமத்துக்கு அருகே திபெத்தியர்கள் வழிமறித்து நின்றார்கள். அவர்கள் கையில் வாளும் திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கியும்தான். ஆயுதங்களைப் பிடுங்கும்போது கைகலப்பு ஏற்பட்டது. மாக்சிம்கள் முழங்கின.

திபெத்தியர்கள் ஓடவில்லை. திகைத்துப்போய், தலையைக் குனிந்துகொண்டு, மெல்ல நடந்து திரும்பினார்கள். நடந்தவர்கள்மீது குண்டுகள் பாய்ந்தன. சில நிமிஷங்களில் 600-க்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். துப்பாக்கிக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரிக்கே அந்தப் படுகொலை குமட்டியது. தாங்க முடியாமல் சுடுவதை நிறுத்திவிட்டதாகத் தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார்.

பறக்க ஆசை

துப்பாக்கியில் பணம் குவிந்தது. மாக்சிமின் மனம் வேறொன்றுக்கு ஏங்கியது. பறக்க வேண்டும்!

கென்ட் பகுதியில் பால்ட்வின்ஸ் பார்க் என்ற இடத்தில் பிரமாண்டமான விமானம் ஒன்றைக் கட்டினார். இறக்கையின் அகலம் 104 அடி. எடை சுமார் மூன்றரை டன். தலா 180 குதிரைசக்தி உள்ள இரண்டு நீராவி எஞ்சின்கள். ஓடுவதற்கு 1,800 அடி நீளத் தண்டவாளம். விமானம் ஒரேயடியாக மேலே போய்விடாதபடி பக்கத்திலே தடுப்புச் சட்டங்களும் வைத்தார். முதலில் அது எழும்புகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

1894-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி மாக்சிமும் உதவியாளர்களும் அதில் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. விமானம் ஓடியது. மணிக்கு 40 மைலுக்கு மேல் வேகம். சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு எழும்பின. எழும்பிய பலத்தில் தடுப்புச் சட்டமே உடைந்தது! மாக்சிம் உடனே நீராவியை நிறுத்தினார். விமானம் தரையில் விழுந்து சேதமாயிற்று.

எழும்பத் தெரிந்த விமானத்தை ஆகாயத்தில் திருப்பி நடத்தும் வழி அவருக்குப் பிடிபடவில்லை. பணமும் கரைந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1903-ல், ரைட் சகோதரர்கள் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஆசையிலிருந்து ஒரு நல்ல காரியம் பிறந்தது. 1904-ல் மாக்சிம் ஒரு ராட்டினம் செய்தார். நடுவிலே உயரமான தூண். அதிலிருந்து தொங்கும் சிறு விமானங்கள். தூண் சுழன்றால் விமானங்கள் வெளிப்பக்கமாக விரிந்து பறக்கும். இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிளாக்பூலில் அது நிறுவப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளைச் சுமந்து அது சுற்றியிருக்கிறது.

செவி போனது

எந்த ஆயுதமும் தன்னைச் செய்தவனை முழுதாக விட்டுவிடுவதில்லை. ஓயாத துப்பாக்கிச் சத்தத்தில் மாக்சிமின் காது கெட்டது. நாளாக ஆகச் செவிடாகிவிட்டார். பேசுகிறவர்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

அவர் அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்த மகன் ஹிராம் பெர்சி மாக்சிம் தாமே முயன்று படித்து எஞ்சினீயர் ஆனார். அவர் எதைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார் தெரியுமா? துப்பாக்கியின் சத்தத்தை அடக்கும் குழாயை! தகப்பன் சத்தத்தைப் பெருக்கினார். மகன் சத்தத்தை அடக்கினார். தம்பி ஹட்ஸன் மாக்சிமும் வெடிமருந்து நிபுணர். புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. கடைசிவரை அது தீரவில்லை.

மாக்சிம் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். 1901-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. சாங்கர்வில் கிராமத்து ஏழைப் பையன் சர் ஹிராம் மாக்சிம் ஆகிவிட்டார்.

மூச்சுக் குழாய்

வயதான காலத்தில் மாக்சிமுக்கு மார்ச்சளி நோய் வந்தது. மூச்சு விடுவதே கஷ்டமாயிற்று. வைத்தியத்தில் குணம் காணவில்லை. அவர் சும்மா இருப்பாரா? கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்தார். அதிலே மெந்தால் முதலியவற்றின் ஆவி தொண்டையின் உட்புறம்வரை போய்ச் சேரும். இழுத்துப் பார்த்தார். சுகம் தெரிந்தது. தம்மைப்போல் அவதிப்படும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதைச் செய்து விற்கத் தொடங்கினார். சமாதானக் குழாய் என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

உடனே ஏச்சு கிளம்பியது. இவ்வளவு பெரிய மேதை, சந்தையில் மருந்து விற்கிறவர்போல் இப்படித் தம் பெயரைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று விஞ்ஞானிகளாய் இருந்த நண்பர்களே குறை கூறினார்கள்.

மாக்சிமுக்கு மனம் கசந்தது. கொல்லுகிற கருவி செய்தபோது உலகம் தம்மைப் புகழ்ந்தது. துன்பத்தைத் தணிக்கிற கருவி செய்தபோது அவமானம் என்கிறது என்று எழுதி வைத்தார்.

அவர் சொன்னது நியாயம். தீயை அணைக்கும் குழாய் செய்தார். வாங்க ஆள் இல்லை. விளக்கு செய்தார், பெயர் வேறொருவருக்குப் போயிற்று. விமானம் செய்தார், பணம் கரைந்தது. மூச்சுக் குழாய் செய்தார், ஏச்சு வந்தது. துப்பாக்கி ஒன்றுக்குத்தான் அரசர்கள் வாசல்தேடி வந்தார்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகம் அவரிடம் அந்தத் துப்பாக்கியைக் கைகட்டி நின்று கேட்கவில்லை. எது விலை போகும் என்று தெரிந்து, அவராகத்தான் செய்து கொடுத்தார்.

இரு பக்கமும் ஒரே துப்பாக்கி

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது மாக்சிமுக்கு 74 வயது. கம்பெனிப் பொறுப்பிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விலகியிருந்தார்.

ஜெர்மானியர்கள் கையில் இருந்த கனரக எந்திரத் துப்பாக்கி, மாக்சிமின் அமைப்பைப் பார்த்து 1908-ல் செய்தது. ரஷ்யர்கள் கையில் இருந்தது, மாக்சிமின் பெயரையே தாங்கி 1910-ல் வந்தது. பிரிட்டிஷார் கையில் இருந்த விக்கர்ஸ் துப்பாக்கி, மாக்சிமின் துப்பாக்கியைத் திருத்தி எடை குறைத்துச் செய்தது. எதிரும் புதிருமாக நின்றவர்கள் எல்லோரும் ஒரே மனிதரின் மூளையில் பிறந்த கருவியால் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். வியன்னாவில் அந்த அமெரிக்கர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

1916-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிரான்சில் சோம் நதிப் பிரதேசத்தில் பிரிட்டிஷ் படை தாக்குதல் தொடங்கியது. பதுங்கு குழியிலிருந்து எழுந்து வரிசையாக நடந்தார்கள். எதிரே ஜெர்மானியரின் எந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 57,470 பேர். ஓம்டுர்மானில் சூடானியர் நடந்த பாதையில் இப்போது இங்கிலாந்தின் பிள்ளைகள் நடந்தார்கள். எதிரே பாய்ந்ததும் அதே குண்டு மழைதான்.

சோம் போர் நவம்பர் 18-ந் தேதி ஓய்ந்தது. அதற்கு ஆறு நாள் கழித்து, 1916 நவம்பர் 24-ந் தேதி, லண்டன் ஸ்ட்ரெதாம் பகுதியில் தம் வீட்டில் சர் ஹிராம் மாக்சிம் காலமானார். வயது 76. வெஸ்ட் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

எஞ்சியவை

விக்கர்ஸ் துப்பாக்கி 1968 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தது. 2022-ல் மூண்ட உக்ரைன் போரில்கூட, கிடங்கில் கிடந்த பழைய மாக்சிம் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தினார்கள். 1910-ம் ஆண்டின் அமைப்பு நூறு ஆண்டு தாண்டியும் சுட்டது. அவ்வளவு செம்மையான வேலை!

மாக்சிம் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவருடைய கை எதைத் தொட்டாலும் செம்மையாகச் செய்தது என்பதே உண்மை. எலிக்குப் பொறி, தீக்குத் தண்ணீர், இருட்டுக்கு விளக்கு, சளிக்கு ஆவி, குழந்தைக்கு ராட்டினம் எல்லாம் அதே கையில் பிறந்தவை. கைக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைச் செய்வது என்று முடிவு செய்கிற மனதுக்குத்தான் தெரியும். எதற்கு விலை கொடுப்பது என்று முடிவு செய்கிற ஊருக்கும் தெரிய வேண்டும்.

பிளாக்பூல் கடற்கரையில் அவருடைய ராட்டினம் சுழலும்போது குழந்தைகள் கூவிச் சிரிப்பார்கள். அந்தச் சத்தம் மாக்சிமின் காதில் விழுந்திருக்காது. துப்பாக்கி அவருடைய காதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.